பூட்டிய பூங்காவுக்கு வெளியேயிருந்து

நகரத்தின் பூங்காக்கள், பேருந்து நிறுத்தங்கள், பொதுக் கழிப்பிடங்கள் ஆகியவற்றுக்குப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

கத்திரி தொடங்கிய வாரத்தில் எங்கள் வார்டுப் பூங்காவின் கேட்டில் ஒரு புதுப் பலகையை மாட்டினீர்கள். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. காலை 5 முதல் 9 வரை, மாலை 4.30 முதல் 8.30 வரை. அதற்கு முன் இருந்த பலகையில் நேரமே கிடையாது; பூக்களைப் பறிக்காதீர், நாய்களை அழைத்து வராதீர் என்று மட்டும்தான் இருந்தது. புதுப் பலகை மாட்டிய மறுநாள் காலை 9 மணி 5 நிமிடத்துக்கு என்னையும் என் கணவரையும் காவலாளி விசில் ஊதி வெளியே அனுப்பினார். எனக்கு வயது 69, அவருக்கு 75. எங்களைப் பார்த்து ஒருவர் விசில் ஊதி ஐம்பது வருஷம் இருக்கும்.

அந்தத் தம்பிமீது எனக்கு வருத்தம் இல்லை. "ஆர்டர்ம்மா, நான் என்ன பண்றது" என்றார். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆர்டர் போட்டவர்களுக்குத்தான் இந்த மடல்.

பட்டப்பகலில் பூங்காவில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பகுதி அலுவலகத்தில் கேட்டேவிட்டார்கள். அதனால் எங்கள் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

புரசைவாக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அதற்கு மேல் மொட்டை மாடிதான். சித்திரை பிறந்ததிலிருந்து ஆனி பாதிவரை, பகலெல்லாம் வாங்கிய வெயிலை எங்கள் கூரை ராத்திரி முழுக்க எங்கள்மேல் இறக்கிக்கொண்டிருக்கும். இரவு பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இருக்கும். குழாயைத் திறந்தால் முதல் பக்கெட் வெந்நீர். கரண்டு போனால் ஏற்றலாம் என்று ஜன்னலோரம் நிறுத்தி வைத்திருந்த மெழுகுவத்தி, ஏற்றாமலேயே இடுப்பு வளைந்து சாய்ந்துவிட்டது. ஏசி இருக்கிறது, மகள் வாங்கிப் போட்டது. அதைப் பகலிலும் ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் இல்லை, அதற்கு முந்தைய யூனிட்டுக்கும் கட்டண விகிதம் ஏறும். மின் அட்டையை வரி வரியாகப் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் வரி வரியாகத்தான் படிப்போம். அதனால் ஏசி ராத்திரி மூன்று மணி நேரம். பகலுக்கு மரம்.

கோடை என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்று போகிற வயசு போய்விட்டது. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை, ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சில் நின்றது. இன்னும் திரும்பி வரவில்லை. அது வந்தாலும் அவருடைய முழங்காலுக்கு மலைப்பாதை சரிப்படாது. அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சுற்றுலா எல்லாம் உள்ளூரில்தான். காலையில் கிளம்பி, ஒரே இடத்தில் நிதானமாக இருந்து, வெயில் தாழ்ந்ததும் வீடு திரும்புவது. நான் பின்னிய வயர் கூடையில் இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு பாட்டில் மோர், தயிர்சாதம், மாவடு, பனையோலை விசிறி, குடை, மாத்திரை டப்பா, உட்காருமிடத்தில் விரிக்க முந்தைய நாள் பேப்பர். மகள் இதைப் 'பிக்னிக்' என்கிறாள். அவர் 'டியூட்டி' என்கிறார். அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் நாற்பது வருஷம் இருந்த மனிதர், இன்னமும் காலை ஏழரைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். எனக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் கிடையாது. அவருக்கு மூத்த குடிமக்கள் டோக்கன், மாதத்துக்குப் பத்து. போக ஒன்று, வர ஒன்று. வண்டி மாறாமல் போகிற இடமாகப் பார்த்துப் போனால் மாதம் ஐந்து நாள். டிக்கெட் வாங்க வக்கில்லை என்று நினைக்க வேண்டாம், பத்து டோக்கனுக்குள் முடித்தால்தான் அவருக்கு ஒரு திருப்தி. ஆக ஐந்து நாள் பேருந்து. மிச்சம் இருபத்தைந்து நாளுக்கு, நடந்து போகிற தூரத்தில் எங்களுக்கு இருப்பது இந்த வார்டுப் பூங்கா ஒன்றுதான். அதைத்தான் பூட்டியிருக்கிறீர்கள்.

பேருந்தில் போகிற ஐந்து நாளைப் பற்றியும் சொல்கிறேன். குறை சொல்ல இல்லை, இந்த ஊரில் இதெல்லாம் நடக்கும் என்று காட்டத்தான். எங்களுக்கு முதல் இடம் எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போவோம். 1851இல் ஆரம்பித்தது. 1855இல் அதே வளாகத்தில் மிருகக்காட்சிசாலையும் இருந்தது என்பதை அவர் எத்தனை முறை சொன்னாலும் நான் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்வேன். அது பிறகு பார்க் டவுன் பக்கம் போய், 1985இல் வண்டலூர் போய்ச் சேர்ந்தது. வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசருக்கு முன்னால் அவர் கால் மணி நேரம் நிற்பார். பக்தி இல்லை. தூக்கிய பாதத்தின் எடையை ஊன்றிய கால் எப்படித் தாங்குகிறது என்று பார்க்கிறாராம், தன் முழங்காலைத் தடவிக்கொண்டே. பக்கத்திலேயே 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். அங்கே அவர் புத்தகம் படிக்க மாட்டார், பைண்டிங்கைப் படிப்பார். நூல் தையலா, பசையா, முதுகுத்துணி எந்தக் காலத்தது என்று பார்த்து, "இதைத் தைச்சவன் நல்லவன்" என்று வைத்துவிடுவார்.

மாதம் ஒருமுறை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்தது, ஒன்பது மாடி, ஏசி, லிஃப்ட். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தரைத்தளத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். யாரும் "என்ன வேலை" என்று கேட்பதில்லை. செம்மொழிப் பூங்காவும் 2010இல் வந்ததுதான். டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடம். கட்டணம் உண்டு, ஆனால் பகலிலும் திறந்திருக்கும். கடற்கரைக்கு மாலையில்தான். மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மணலுக்குள் மரப்பாதை போட்டார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியைப் பெயர்த்தது, பிறகு சரிசெய்தார்கள். முழங்கால் வலிக்காரரை அலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த முடியும் என்று அந்தப் பாதை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அலையோசையைத் தள்ளி நின்று கேட்டே பத்து வருஷம் கழித்திருந்தோம்.

இப்போது பூங்காவுக்கு வருகிறேன்.

சின்னப் பூங்காதான். சுற்றி வர ஏழு நிமிடம், அவரோடு வந்தால் பன்னிரண்டு. நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று பூங்காவில் இரண்டு மரங்கள் வேரோடு சாய்ந்தன. இது மட்டும் ஒரு பெரிய கிளையை விட்டுக்கொடுத்துவிட்டு நின்றது. அதன் கீழே முதுகு சாய்மானம் வைத்த பழைய சிமென்ட் பெஞ்சுகள் நான்கு. எட்டு மணிக்குப் போய் அதில் இடம் பிடித்தால் எங்கள் பகல் சரியாகிவிடும். பத்து மணிக்கு மேல் எங்களைப் போல இன்னும் எட்டுப் பத்துப் பேர் வருவார்கள். பக்கத்துத் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் சாப்பாட்டுக்கு வருவார். வீட்டு வேலை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் முன்னால் அரை மணி காலை நீட்டி உட்காரும் இரண்டு பெண்கள். உணவு டெலிவரி செய்கிற பையன்கள் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுப்பார்கள். மதியம் ஒரு மணி வாக்கில் கடற்காற்று உள்ளே வரும். வருவது முதலில் எங்களுக்குத் தெரியாது, மரத்துக்குத் தெரியும். மேல் கிளை லேசாக அசையும். "வந்துட்டான்" என்பார் அவர். அன்றைக்கு மேற்கிலிருந்து அனல் பலமாக வீசினால் கடற்காற்று பின்தங்கிவிடும், இரண்டு மூன்று மணிவரைகூட வராது. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது, 2003 மே 31. அன்று நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டியூட்டியில் இருந்தேன். ஹெட்செட் காதில் சுட்டது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த மரத்தைப் பற்றி இன்னொன்று. தூங்குமூஞ்சி என்று ஏன் பெயர்? பகலெல்லாம் இலையை விரித்து வைத்துக்கொண்டு, பொழுது சாயும்போது மடக்கிக்கொள்ளும். குடை பிடிப்பதையே வேலையாக வைத்திருக்கிற மரம் அது, அதுவும் பகலில் மட்டும். நீங்கள் அது விரிந்திருக்கிற நேரம் முழுக்கக் கேட்டைப் பூட்டிவிட்டு, அது மடக்க ஆரம்பிக்கிற நேரத்துக்குத் திறக்கிறீர்கள்.

வெளியே அனுப்பப்பட்ட அந்தக் காலையில் நாங்கள் உடனே வீட்டுக்குப் போகவில்லை. மூன்று மாடி ஏற வேண்டும், அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஏறமுடியும். மதில் சுவரை ஒட்டி, மழைநீர் வடிகாலின் மூடிமேல் பேப்பரை விரித்து உட்கார்ந்தோம். பத்து மணிவரை சுவரின் நிழல் இருந்தது. பிறகு அது எங்கள் பக்கம் சுருங்கிச் சுருங்கி, பதினொன்றரைக்கு ஒரு முழம் ஆகி, பிறகு இல்லாமலே போனது. சென்னையில் ஏப்ரல் 24, 25 வாக்கில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வரும். கம்பத்தை நட்டால் அதற்கு நிழலே விழாது. நிழலில்லா நாள் என்று அறிவியல் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காட்டுவார்கள். கத்திரி நாட்களிலும் சூரியன் உச்சியிலிருந்து அதிகம் விலகுவதில்லை. அதாவது இந்த ஊரில் கோடை நடுப்பகலில் சுவருக்கோ கட்டடத்துக்கோ நிழல் கிடையாது. தலைக்கு மேலே ஏதாவது இருந்தால்தான் நிழல். எங்கள் தெருவில் அப்படி இருப்பது அந்த மரம் ஒன்றுதான், அதன் நிழல் முழுக்க மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தது. எழுந்தபோது சூடேறிய கான்கிரீட்டில் பேப்பரின் மை இளகி அவருடைய வெள்ளை வேட்டியில் ஒட்டியிருந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தேன், நகைக்கடை விளம்பரம். தலைகீழாக, இன்னும் முழுசாகப் போகவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தாயிற்று.

மறுநாள் பகுதி அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தோம். பதில் வாய்மொழியாக வந்தது. பகலில் திறந்து வைத்தால் குடிப்பவர்கள் வருகிறார்கள், காதலர்கள் வருகிறார்கள் என்றார்கள். ஐயா, குடிப்பவர்களைப் பகலில் நான் அங்கே பார்த்ததில்லை, இரவு எட்டு மணிக்குப் பார்த்திருக்கிறேன். அப்போது உங்கள் பலகைப்படி பூங்கா திறந்துதான் இருக்கிறது. காதலர்கள் வருவது உண்மை. ஒரு பையனும் பெண்ணும் வாரத்துக்கு இரண்டு முறை வந்து, மூன்றடி தள்ளி உட்கார்ந்து, ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிப்பார்கள். அவர்களால் எங்களுக்கு இடைஞ்சல் இல்லை. எங்களால் அவர்களுக்குக் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

பராமரிப்பு வேலை இருக்கிறது என்றார்கள். செடிக்குக் காலை ஆறு மணிக்கே தண்ணீர் விட்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் மாலைவரை பூங்காவில் நடக்கிற ஒரே பராமரிப்பு, காவலாளி தூங்குவது. அவரும் மரத்தடியில்தான் தூங்குகிறார், நான் மதில் இடைவெளியில் பார்த்தேன். நல்ல இடம், குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவதாகச் சொன்னதுதான் என்னை எழுதவைத்தது. "பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை வயசானவங்க வெளியே வரக்கூடாதுன்னு அரசாங்கமே சொல்லுதேம்மா, உங்க நல்லதுக்குத்தான் பூட்டறோம்." அந்த அறிவுரையை நானும் படிக்கிறேன், அதில் தப்பில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் ரோட்டில் நடக்கக்கூடாது என்பதால்தான் எட்டு மணிக்கே போய் நாலு மணிவரை மரத்தடியைவிட்டு அசையாமல் இருக்கிறோம். உள்ளே இரு என்கிறீர்கள். எதற்குள்ளே? வெயிலைச் சேமித்து வைக்கிற கூரைக்குக் கீழேயா, அல்லது மரத்துக்குக் கீழேயா? வயசானால் தாகம் சரியாகத் தெரியாது, வியர்வை குறையும், உடம்பு சூட்டை வெளியே தள்ளத் திணறும். இதெல்லாம் எங்கள் டாக்டர் சொன்னது. காற்றோட்டமில்லாத வீட்டுக்குள்ளேயே முதியவர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுகிறார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். எங்களைப் பாதுகாக்கப் பூங்காவைப் பூட்டியதாகச் சொல்லும் நீங்கள், 9 மணிக்கு எங்களை வெயிலில் இறக்கிவிட்டு, அந்த அறிவுரையை எங்கள் கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

அடுத்தது கழிப்பிடம். இதைப் பற்றி எழுதாதே என்றார் அவர். நான் எழுதத்தான் போகிறேன், ஏனென்றால் பெண்கள் இதை எழுதாமல் இருந்துதான் இந்த நிலைமை.

எங்கள் வெளியூர்ப் பயணம் உள்ளூரிலேயே முடிவதற்குத் தூரம் காரணமில்லை. எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நான் முடிவு செய்வது, அங்கே பெண்கள் கழிப்பிடம் திறந்திருக்குமா என்பதை வைத்து. எங்கள் பூங்காவில் இரண்டு பக்கமும் கட்டியிருக்கிறீர்கள். ஆண்கள் பக்கம் திறந்திருக்கும். பெண்கள் பக்கத்தில் பூட்டு. ஒருநாள் அது திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். துடைப்பக்கட்டு, பிளீச்சிங் பவுடர் மூட்டை, உடைந்த சறுக்குமரத்தின் பாதி. சாவி யாரிடம் என்று கேட்டால் காவலாளி சூப்பர்வைசரைச் சொல்வார். சூப்பர்வைசர் ஒப்பந்ததாரரைச் சொல்வார். ஒப்பந்ததாரரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆகவே வெளியே போகிற நாளில் காலை ஆறு மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிப்பதில்லை. கூடையில் இரண்டு பாட்டில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய், அவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, உதட்டை நனைத்துக்கொண்டு இருப்பேன். போன வருஷம் சிறுநீர்த் தொற்று வந்து ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டேன்.

அவர் கதை இதைவிட மோசம். அவருக்கு ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்திருப்பது நீர் பிரிகிற மாத்திரை. காலையில் போட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அடிக்கடி போகவேண்டியிருக்கும். பேருந்தில் போகிற நாளில் மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார், "வந்து போட்டுக்கலாம்" என்று. இது எனக்குத் தெரியாமல் எத்தனை மாதம் நடந்ததோ. மாத்திரை டப்பாவில் புதன்கிழமைக் கட்டத்தில் மாத்திரை அப்படியே இருந்ததை ஒருநாள் மாலையில் பார்த்தேன். டாக்டர் இருவரையும் சேர்த்துத் திட்டினார். வழியில் திறந்த கழிப்பிடம் இல்லாதது, ஒரு மனிதருடைய ரத்த அழுத்த மாத்திரையின் நேரத்தை மாற்றியிருக்கிறது. இது உங்கள் கோப்பில் எந்தத் தலைப்பிலும் வராது, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

இருக்கைகளுக்கு வருகிறேன். இந்த வருஷம் பூங்காவை அழகுபடுத்தினீர்கள். வாசலில் செல்ஃபி எடுக்க ஒரு வளைவு, அதற்கு விளக்கு. நன்றாகத்தான் இருக்கிறது, பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதோடு பழைய பெஞ்சுகள் நான்கையும் எடுத்துவிட்டு, வெட்டிய மரத்துண்டு மாதிரி வண்ணம் பூசிய சிமென்ட் குட்டைகளை வைத்தீர்கள். முதுகும் கிடையாது, கையும் கிடையாது. பைண்டிங்காரர் ஸ்கேல் இல்லாமல் எதையும் நம்ப மாட்டார், அளந்து பார்த்தார். பழைய பெஞ்சு பதினெட்டு அங்குல உயரம், புதுக் குட்டை பதின்மூன்றரை. இளவட்டங்களுக்கு இந்த நாலரை அங்குலம் ஒன்றுமே இல்லை. முழங்கால் தேய்ந்தவர் பதின்மூன்றரை அங்குலத்தில் உட்கார்ந்தால், எழுந்திருக்க ஓர் ஆள் வேண்டும். கைப்பிடி என்பது கையை வைத்துக்கொள்ள இல்லை, ஊன்றி எழுந்திருக்க. முதல்நாள் அவர் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல், என் தோளைப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் சேர்ந்து சாயப் பார்த்தோம். இஸ்திரிக்காரர் ஓடிவந்து பிடித்தார். சிரித்துவிட்டோம். அன்றைக்கு ராத்திரி அவர் சிரிக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் இரண்டு ஸ்டீல் குழாய்களை முன்பக்கம் சரிவாகப் பொருத்தி அதை இருக்கை என்கிறீர்கள். யாரும் படுத்துத் தூங்கக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு என்று கேள்விப்பட்டேன். உட்காரவும் முடியவில்லை. பத்து மணிக்கு மேல் அந்தக் குழாயைத் தொட்டால் கை சுடும். 2024இல் தாழ்தளப் பேருந்துகள் வந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம், அவர் முதல்தடவை யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். ஆனால் நிறுத்தத்துக்கு முன்னால் ஆட்டோக்களும் பைக்குகளும் நிற்பதால் வண்டி நடுரோட்டில் நிற்கிறது. நடைபாதையிலிருந்து ரோட்டுக்கு இறங்கி மறுபடி ஏறினால், தளம் தாழ்ந்து என்ன பயன்? இதை ஒரு மஞ்சள் கோடும் ஒரு போலீஸ்காரரும் சரிசெய்துவிடலாம்.

இந்த ஒரு சின்னப் பூங்காவுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். எங்கள் பக்கத்தில் பெரிய பூங்கா இருந்தது, ஐயா. சென்ட்ரலுக்கும் பெரியமேட்டுக்கும் நடுவில் நூறு ஏக்கருக்கும் மேலே விரிந்திருந்த பீப்பிள்ஸ் பார்க். கவர்னர் டிரெவெலியன் காலத்தில், 1859 வாக்கில் போட்டது. குளங்கள், மிருகக்காட்சி எல்லாம் இருந்தது. பேரிலேயே மக்கள் பூங்கா. அதில் ஒரு பக்கம் விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது, இன்னொரு பக்கம் மூர் மார்க்கெட், அப்புறம் ரயில்வே, அப்புறம் ஸ்டேடியம். எல்லாம் ஊருக்கு வேண்டியவைதான். கடைசியில் மை லேடீஸ் பூங்கா என்று ஒரு துண்டு மிஞ்சியது. பெரியது அப்படிக் கரைந்துபோனதால்தான் தெருக்கோடியில் இருக்கிற இந்தச் சின்னப் பூங்காவை இப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம்.

எங்களுக்கு வேண்டியது இவைதான்.

பலகையில் இருக்கிற நேரத்தை மாற்றுங்கள். மார்ச் முதல் ஆகஸ்டுவரையாவது காலை 5 முதல் இரவு 8.30 வரை இடையில் பூட்டாமல் திறந்திருக்க வேண்டும். எங்கள் பூங்கா மட்டுமில்லை, பகலில் பூட்டுகிற எல்லா வார்டுப் பூங்காக்களும். குடிப்பவர்கள் பிரச்சினை என்றால் காவலாளியை விழித்திருக்கச் சொல்லுங்கள். துணைக்கு நாங்கள் இருக்கிறோம், பகல் முழுக்க அங்கேதான் இருப்போம்.

பெண்கள் கழிப்பிடத்திலிருந்து துடைப்பத்தையும் மூட்டையையும் எடுத்துவிட்டு, பூங்கா திறந்திருக்கும் நேரமெல்லாம் அதையும் திறந்து வையுங்கள். சாவி கேட்டில் இருக்க வேண்டும், ஒப்பந்ததாரரிடம் இல்லை. உள்ளே ஒரு குழாயும், எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள சுவரில் ஒரு கம்பியும் வேண்டும். எத்தனை மணிக்குச் சுத்தம் செய்தார்கள் என்று கதவில் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்.

பெஞ்சுகளுக்கு டெண்டர் விட வேண்டியதில்லை. எடுத்த நான்கு பெஞ்சுகளும் உடையாமல் பம்ப் அறைக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்றில் மட்டும் கைப்பிடி பெயர்ந்திருக்கிறது. அவற்றைத் தூக்கி மரத்தடியில் பழைய இடத்திலேயே போடுங்கள். சிமென்ட் குட்டைகளைப் பிள்ளைகள் விளையாடும் பக்கம் நகர்த்திவிடலாம், அவர்கள் அதன்மேல் ஏறிக் குதிப்பார்கள். இனி எந்தப் பூங்காவுக்கு இருக்கை வாங்கினாலும் பதினெட்டு அங்குல உயரம், முதுகு, இரண்டு கைப்பிடி என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நிறுத்தங்களில் குழாய் இருக்கைக்குப் பதிலாக வெயிலில் சுடாத தட்டையான பலகை போடுங்கள், மேலே நிழல் விழுகிற இடமாகப் பார்த்து.

கோடையில் கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மண்பானை, மூடியும் டம்ளருமாக. தண்ணீர் பிடித்து வைக்க ஆள் இல்லையென்றால் நாங்களே ஊற்றுகிறோம். இஸ்திரிக்காரர் ஏற்கனவே சம்மதம் சொல்லிவிட்டார்.

இந்த மடலோடு எங்கள் பழைய மனுவின் நகலையும், அவர் எடுத்த அளவுகளையும் இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் தாருங்கள். முடியாது என்றால் எதனால் முடியாது என்றும், அந்த முடிவை எடுத்தவரின் பதவியையும் குறிப்பிட்டு. பதினைந்து நாளைக்குள் அனுப்பினால் கத்திரி முடிவதற்குள் எங்களுக்குப் பயன்படும். தபாலிலேயே அனுப்பலாம். பகலில் எந்த நேரத்துக்குத் தபால்காரர் வந்தாலும் இப்போதைக்கு வீட்டில்தான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர் ஒருத்தியும், அவள் கணவரும்
புரசைவாக்கம், சென்னை